திருகுவதற்காகவே வைத்தவை

பழைய மேக்கின்டாஷ் ஒன்று கைக்கு வந்தால் அதன் பிக்சர் டியூபையும் பவர் சப்ளையையும் தொடாதே என்பதுதான் சேகரிப்பாளர்கள் இன்று முதலில் சொல்லும் புத்திமதி. தொட்டே தீரவேண்டும் என்றாகிவிட்டால் இரண்டாவது புத்திமதி ஒன்று வைத்திருக்கிறார்கள்: இரண்டையும் கழற்றிப் போட்டுவிடு. டியூப் இருந்த இடத்தில் ஓர் எல்.சி.டி. திரை, பவர் சப்ளை இருந்த இடத்தில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் ஒரு ஸ்விட்சிங் மாட்யூல். கணினி என்பது லாஜிக் போர்டு, மற்றவை துணைப்பொருள்கள், துணைப்பொருள் பழுதானால் மாற்றுவதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள்.

இரண்டு புத்திமதிகளும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஒன்று கைவைக்காதே என்கிறது, மற்றது பிடுங்கி எறி என்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: திரையும் பவர் சப்ளையும் அளந்து, திருகி, ஒழுங்காக வைத்துக்கொள்ளக்கூடிய பாகங்கள் அல்ல. இந்த எண்ணத்தை நான் மறுக்கிறேன். 1984 முதல் 1990 வரை விற்பனையில் இருந்த சிறு மேக்கின்டாஷ்களில், அதாவது 128கே, 512கே, பிளஸ் ஆகியவற்றில், அது முழுத் தவறு. அந்தப் பெட்டிகளுக்குள் வோல்ட்டேஜுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, ஃபோகஸுக்கு ஒன்று, கதிர் அடங்கும் கட்-ஆஃப் அளவுக்கு ஒன்று என்று ப்ரீசெட் எனும் திருகு ரெசிஸ்டன்ஸ்களையும், அகலத்துக்கு ஒரு சுருளையும் வைத்திருக்கிறார்கள். திருக வேண்டாம் என்று நினைத்திருந்தால் விலை குறைவான நிலையான ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்துச் சால்டர் செய்துவிட்டுப் போயிருப்பார்கள்.

துணைப்பொருள் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற வாதங்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. மேக்கின்டாஷ் பிளஸ்ஸின் பின்மூடியைக் கழற்றினால் இரண்டு போர்டுகள் தெரியும். அடியில் படுத்திருப்பது லாஜிக் போர்டு. பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது அனலாக் போர்டு. அதன் மூல வடிவமைப்பு ஜார்ஜ் குரோ என்ற பொறியாளருடையது. வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாகவும், கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட்டாகவும் மாற்றுவது அதன் ஒரு பாதி வேலை. யோக் சுருளுக்கு மின்னலைகளை அனுப்பிக் கதிரை வளைப்பதும், எல்.ஓ.டி. எனும் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கி 9 அங்குல டியூபை ஒளிரவைப்பதும் மறுபாதி. ஸ்பீக்கரும் கடிகார பேட்டரியின் இருப்பிடமும்கூட அதே போர்டில்தான். பவர் சப்ளை என்று தனியே ஒரு பெட்டியும் மானிட்டர் என்று தனியே ஒரு கருவியும் அந்த இயந்திரத்தில் இல்லவே இல்லை. இரண்டும் ஒரே போர்டு.

லாஜிக் போர்டும் அந்த டியூபை மையமாக வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் தாய்க் கடிகாரம் 15.6672 மெகாஹெர்ட்ஸ். திரையில் ஒவ்வொரு புள்ளியும் அந்த வேகத்தில் வெளியேறுகிறது. பிராசசரான மோட்டரோலா 68000 ஓடுவது சரியாக அதில் பாதியில், 7.8336 மெகாஹெர்ட்ஸில். ஒரு வரிக்கு 704 புள்ளி நேரம். அதில் 512 கண்ணுக்குத் தெரிபவை, மீதி கதிர் இடது ஓரத்துக்குத் திரும்பி வரும் நேரம். ஒரு படத்துக்கு 370 வரிகள். அதில் 342 தெரிபவை, மீதி கதிர் கீழிருந்து மேலே ஏறும் நேரம். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 22,254 வரிகள், 60.15 படங்கள். இப்போது கவனியுங்கள்: ஒவ்வொரு வரி முடிந்து கதிர் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில்தான் ஒலிக்கான ஒரு பைட் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மேக்கின்டாஷின் ஒலி வேகம் 22.25 கிலோஹெர்ட்ஸாக இருப்பது யாரோ காதுக்கு இனிமையாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்ததால் அல்ல. அது பிக்சர் டியூபின் வரி வேகம். 128கே மாடலில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலிக்கு ஒரு பைட் எடுக்கும்போதே கூடவே வரும் இன்னொரு பைட்டை வைத்து ஃப்ளாப்பி டிரைவ் மோட்டாரின் சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். கதிர் திரும்பும் நேரத்தில் பாட்டும் வருகிறது, டிஸ்க்கும் சுழல்கிறது. இப்படிப் பின்னப்பட்ட ஒன்றில் எதைத் துணைப்பொருள் என்று பிரித்து எடுப்பது?

படம் லாஜிக் போர்டிலிருந்துதானே வருகிறது, எல்.சி.டி.யில் போட்டாலும் அதே 512 பெருக்கல் 342 புள்ளிகள்தானே என்பது அடுத்த வாதம். எண்ணிக்கை அதேதான். அளவு அதேதானா? மேக்கின்டாஷ் திரை ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்று திட்டமிடப்பட்டது. 512ஐ 72ஆல் வகுத்தால் 7.11 அங்குலம், 342ஐ வகுத்தால் 4.75 அங்குலம். டியூபில் படத்தின் அகலமும் உயரமும் அவ்வளவுதான் இருக்கவேண்டும், ஸ்கேலை வைத்து அளந்து திருகவேண்டும். பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் என்ற வரையும் நிரலின் பக்கம் 576 பெருக்கல் 720 புள்ளிகள், அதாவது 8 அங்குலம் பெருக்கல் 10 அங்குலத் தாள். திரையில் ஓர் அங்குலம் என்பது தாளில் ஓர் அங்குலம். அச்சு வடிவமைப்பு மேசைக்கு வந்தது இந்த ஒரு வாக்குறுதியின் மேல்தான். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றியது ராமும் அல்ல, ரோமும் அல்ல. அனலாக் போர்டில் உள்ள உயர ப்ரீசெட்டும் அகலச் சுருளும்.

எல்.சி.டி. பலகைக்குப் புள்ளி அளவு தொழிற்சாலையிலேயே முடிந்துபோன விஷயம். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று காட்டினால் சுற்றிலும் கறுப்பு ஓரம் வந்து, அங்குலக் கணக்கு அந்தப் பலகையின் தயவில் போய்விடும். ஓரமில்லாமல் விரித்துக் காட்டினால் சில புள்ளிகள் தடித்து, சில மெலிந்து, எழுத்துகளின் கால்கள் கோணலாகிவிடும். சூசன் கேர் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்த எழுத்துருக்களை அப்படிப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. மேக்கின்டாஷின் சாம்பல் நிறப் பின்னணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாம்பலே இல்லை, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கட்டங்கள். டியூபில் ஃபோகஸும் கட்-ஆஃபும் சரியாக இருந்தால் கதிரின் சிறு மென்மை அந்தக் கட்டங்களைக் கலந்து சாம்பலாக்கும். எல்.சி.டி.யில் அவை கூர்மையான சதுரங்களாகக் கண்ணைக் குத்தும். கூர்மை கூடியிருக்கிறது, படம் குறைந்திருக்கிறது.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம்: தொழிற்சாலையில் வைத்த நிலை புனிதமானது, அதை மாற்றுவது வரலாற்றை அழிப்பது. கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் அன்றைக்கு எதை நிலைநிறுத்தினார்கள்? ஒரு குறிப்பிட்ட டியூபோடு ஒரு குறிப்பிட்ட போர்டை இணைத்து, 5 வோல்ட் வருகிறதா, படம் 7.11 பெருக்கல் 4.75 அங்குலத்தில் நிற்கிறதா என்று பார்த்து ப்ரீசெட்டை நிறுத்தினார்கள். ப்ரீசெட்டின் கோணம் அவர்களுடைய நோக்கம் அல்ல, படம்தான் நோக்கம். முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளில் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கின்றன, ரெசிஸ்டன்ஸ்கள் சூட்டில் அளவு மாறியிருக்கின்றன, டியூபின் கேத்தோடு களைத்திருக்கிறது. ஆகவே தொடப்படாத ப்ரீசெட் இன்று காட்டுவது 1986ஆம் ஆண்டின் படத்தை அல்ல. சுருங்கி மங்கிய வேறொரு படத்தை. கோணத்தைக் காப்பாற்றிப் படத்தை இழப்பது என்ன பாதுகாப்பு? தவிர, அந்தக் காலத்திலேயே பல பெட்டிகளில் அனலாக் போர்டு மாற்றப்பட்டுவிட்டது. ஒரு போர்டைப் பார்த்து வைத்த நிலை இன்னொரு டியூபுக்குப் பொருந்தாது. தொழிற்சாலை நிலை என்று நாம் கும்பிடுவது பல நேரம் யாரோ ஒரு சர்வீஸ் ஆள் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன நிலைதான்.

ப்ரீசெட் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான் என்று சொல்வீர்களானால், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி சுலபம். திருகுமுன் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், புகைப்படம் எடுத்துவையுங்கள். பிறகு திருகுங்கள். வேண்டும்போது பழைய இடத்துக்கே திரும்பலாம். கழற்றி எறிந்த டியூபுக்கு அந்த வசதி இல்லை.

உயிருக்கு ஆபத்து என்ற வாதம்தான் மிகுந்த அழுத்தத்தோடு சொல்லப்படுவது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டியூபின் ஆனோடில் இருக்கும் மின்னழுத்தம் கையைத் தூக்கி எறியும். அதைவிட ஆபத்தானது பலர் நினைக்காத இடத்தில் இருக்கிறது: அனலாக் போர்டின் முதன்மைப் பக்கத்தில் வீட்டு மின்சாரம் நேரடியாக நிற்கிறது, அங்குள்ள பெரிய ஃபில்டர் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஆபத்தைக் காரணம் காட்டி டியூபை நீக்கச் சொல்கிறவர்கள் ஒன்றை யோசித்ததாகத் தெரியவில்லை. டியூபை நீக்க வேண்டுமானால் ஆனோடு மூடியைக் கையால் கழற்றவேண்டும், டியூபின் கழுத்தில் செருகிய சிறு போர்டை உருவவேண்டும், உள்ளே வெற்றிடம் உள்ள கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வெளியே எடுக்கவேண்டும். மிச்ச மின்னூட்டம் கையைத் தாக்குவது முதல் வேலையில். கழுத்து ஒடிவது இரண்டாவதில். டியூப் நொறுங்குவது மூன்றாவதில். திருகிச் சரிசெய்பவர் இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை. போர்டு நின்ற இடத்திலேயே நிற்கும், டியூப் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனால் திருகுவது மின்சாரம் ஓடும்போதே செய்யும் வேலை. அதற்கு ஒழுக்கம் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஒரு கை முதுகுக்குப் பின்னால், அல்லது சட்டைப் பையில். சால்டர் பக்கத்தை மூடியிருக்கும் காப்புத் தாளை எடுக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். அகலச் சுருளுக்கு அறுகோண முனை கொண்ட பிளாஸ்டிக் கருவிதான். இரும்புக் கருவியை உள்ளே விட்டால் அதுவே சுருளின் அளவை மாற்றிவிடும், கூடவே ஃபெரைட் உள்ளகம் வெடித்துப் போகவும் வாய்ப்பு உண்டு. திரை முன்பக்கம், ப்ரீசெட்டுகள் பின்பக்கம் என்பதால் எட்டிப் பார்க்கும் ஆசை வரும், எட்டும்போதுதான் கை வழுக்கும். திரைக்கு எதிரே ஒரு முகக்கண்ணாடியை நிறுத்திவிட்டால் எட்டவே வேண்டாம். 12 அங்குலக் கறுப்பு வெள்ளை டி.வி.களைச் சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்த்தவர்கள் இந்த ஒழுக்கத்தோடுதான் தினமும் வேலை செய்தார்கள். மேக்கின்டாஷின் டியூபும் யோக்கும் எல்.ஓ.டி.யும் அவர்களுக்குப் புதிதாக எதையும் காட்டியிராது. ஊர் ஊராக ஒரு தொழிலாக நடந்துவந்த வேலையை, இன்று யாரும் நெருங்கக் கூடாத மர்மம் போல ஆக்கிவிட்டோம்.

வரிசை முக்கியம். முதலில் வோல்ட்டேஜ். பிளஸ்ஸில் இதை அளக்கப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பின்னால் இருக்கும் 19 முனை ஃப்ளாப்பி போர்ட்டில் முதல் நான்கும் தரை, 6ஆவது 5 வோல்ட், 7உம் 8உம் 12 வோல்ட். முனைகளை ஒன்றோடொன்று தொடவிடாமல் மல்டிமீட்டரை வைத்தால் போதும். கணினி நன்றாகச் சூடான பிறகு அளக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் வரும் எண்ணுக்கு அதிகம் மதிப்பில்லை. அந்தக் காலத்து டி.டி.எல். சிப்புகளின் சகிப்பெல்லை 4.75 முதல் 5.25 வரை. 4.75க்குக் கீழே போனால் டிஸ்க்கைச் செருகியதும் கணினி தானாக ரீசெட் ஆவது, காரணமில்லாமல் உறைந்து நிற்பது எல்லாம் தொடங்கும். ராம் போய்விட்டது, லாஜிக் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி ஒதுக்கப்பட்ட எத்தனையோ பெட்டிகளின் நோய் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போர்ட்டில் 4.7 வருகிறது என்றவுடனே ப்ரீசெட்டைத் திருகி 5க்கு ஏற்றுவது தவறு. அனலாக் போர்டிலேயே அந்த 5 வோல்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அங்கே 5.05 இருந்து போர்ட்டில் 4.7 வந்தால், பழுது வழியில் இருக்கிறது: இரண்டு போர்டுகளையும் இணைக்கும் கனெக்டரின் முனைகள் சூட்டில் கருகியிருக்கும், அல்லது அதன் அடிச் சால்டர் விரிசல் விட்டிருக்கும். அதை மீண்டும் சால்டர் செய்தால் வோல்ட்டேஜ் தானாக ஏறும். செய்யாமல் ப்ரீசெட்டை ஏற்றினால் கருகல் கூடும். அதேபோல், ப்ரீசெட்டை அதன் கடைசி எல்லைவரை திருகித்தான் 5 வருகிறது என்றால் அங்கேயே நிறுத்தவேண்டும். எங்கோ ஒரு கண்டென்சரோ ரெசிஸ்டன்ஸோ போய்விட்டது என்று அந்த ப்ரீசெட் நமக்குச் சொல்கிறது. சரியான நிலை நடுவிலா, ஓரத்திலா என்பதே நோயறியும் கருவி. மாட்யூலைப் பொருத்திவிட்டால் இந்தக் கருவியும் போய்விடும்.

பழைய ப்ரீசெட்டின் உள்தடத்தில் கறை படிந்திருக்கும், ஓடும்போது திருகினால் தொடர்பு அறுந்து வோல்ட்டேஜ் திடீரென்று எகிறக்கூடும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். எதிர்த்தரப்பின் வாதங்களில் இதுதான் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுகிறது. பதிலும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கோடு போட்டு, கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, ப்ரீசெட்டை இருபுறமும் பலமுறை ஓட்டி, கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் மின்சாரம் கொடுக்கவேண்டும்.

வோல்ட்டேஜ் நின்ற பிறகுதான் படம். யோக்கை ஓட்டும் சர்க்கியூட்டுகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. 5க்கும் 12க்கும் ஒரே ப்ரீசெட் என்பதால் ஒன்றை ஏற்றினால் மற்றதும் நகரும், படத்தின் அளவும் நகரும். படத்தை முதலில் சரிசெய்துவிட்டு வோல்ட்டேஜுக்கு வருபவர் இரண்டையும் மறுபடி செய்யவேண்டியிருக்கும். பிறகு கட்-ஆஃப்: முன்பக்க வெளிச்சக் குமிழை முழுதாக ஏற்றும்போது கதிர் திரும்பும் சாய்கோடுகள் லேசாகத் தெரிய ஆரம்பிக்கவேண்டும், குமிழைச் சற்று இறக்கியதும் மறையவேண்டும். பிறகு ஃபோகஸ். அதை நடுவில் மட்டும் பார்க்கக் கூடாது. மூலைக்கும் நடுவுக்கும் இடையில் ஒரு சமரசம் தேடவேண்டும், ஏனென்றால் மெனு எழுத்துகள் மேல் ஓரத்தில் இருக்கின்றன. கடைசியாக உயரமும் அகலமும், ஸ்கேலோடு. ஒரு வட்டத்தை வரைந்து நான்கு திசையிலும் அளந்து பார்ப்பது என் வழக்கம். ஸ்கேலில் தப்பிய பிழை வட்டத்தில் முட்டையாகத் தெரிந்துவிடும்.

கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சரிசெய்யவே தேவையில்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றியே ஆகவேண்டியவை இருக்கின்றன. மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள உலோகம் பூசிய காகித ஃபில்டர்கள் உறை வெடித்து, ஈரம் குடித்து, ஒரு நாள் புகையைக் கக்கும். அவற்றைச் சந்தேகத்தின் பேரிலேயே மாற்றலாம். விசிறியே இல்லாமல் மேலெழும் காற்றை மட்டும் நம்பிய பெட்டி இது, ஆகவே எல்.ஓ.டி. அருகில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகள் வெந்துபோயிருக்கும். அதெல்லாம் சரி. ஆனால் எந்த அளவும் எடுக்காமல், எது கெட்டது என்று பார்க்காமல், ஒரு கிட்டை வாங்கி எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றுவது வைத்தியம் ஆகாது. நாற்பது ஆண்டுப் போர்டில் ஒவ்வொரு சால்டரும் செம்புத் தடத்தைத் தூக்கிவிடும் அபாயம் கொண்டது. மாற்றிய பிறகோ வோல்ட்டேஜும் படத்தின் அளவும் பழைய இடத்தில் நிற்காது, ஆகவே திருகத்தான் வேண்டும். கண்டென்சரை மாற்றி, ப்ரீசெட்டைத் தொடாமல், படம் பெருத்து ஓரம் வெட்டுப்படுவதைப் பார்த்து டியூப் போய்விட்டது என்று அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். திரை நடுவில் ஒற்றைக்கோடு மட்டும் தெரிகிற பெட்டிகளுக்கும் இதே கதிதான். படுக்கைக்கோடு என்றால் செங்குத்து அசைவு நின்றுவிட்டது, செங்குத்துக்கோடு என்றால் கிடைமட்ட அசைவு நின்றுவிட்டது. யோக் கனெக்டரின் அடியில் ஒரு டிரை சால்டர்தான் இதற்கு வழக்கமான காரணம். புதுக் கண்டென்சர் அதைக் குணப்படுத்தாது.

ஸ்விட்சிங் மாட்யூலைப் பற்றிச் சுருக்கமாக. 120 வோல்ட்டுக்குச் செய்த அமெரிக்கப் போர்டை 230 வோல்ட் ஊரில் வைத்திருப்பவர்கள் அதை நாடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இருசுற்றும் தனித்தனியாகச் சுற்றிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும், கூடவே பழுது பார்ப்பவரைத் தரையிலிருந்து பிரித்தும் வைக்கும். ஒற்றைச் சுற்று ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பாதுகாப்பைத் தராது, வாங்கும்போது கேட்டு வாங்கவேண்டும். மாட்யூலைப் பொருத்தவோ அனலாக் போர்டின் பாதியை வெட்டவேண்டும். அதன் 12 வோல்ட்டில் கிடக்கும் சிற்றலை யோக்குக்குப் போனால் படத்தின் ஓரங்கள் நெளியும். நெளிந்ததும் டியூபின்மேல் பழி விழும், டியூபும் போகும்.

இந்த மாற்று, எறி என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? அது பாதுகாப்புக் கவலையிலிருந்து வரவில்லை. மேக்கின்டாஷ் விற்ற நாட்களிலேயே அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் கடைகளின் முறை முழுப் போர்டையும் மாற்றித் தருவதுதான். மூடியைத் திறக்கவே கைப்பிடிப் பள்ளத்துக்குள் போகும் நீண்ட டார்க்ஸ் டி-15 வேண்டியிருந்தது. அன்று பலருடைய கருவிப்பெட்டியில் அது இல்லை. ஒரு விரிசல் விட்ட சால்டருக்காக வாடிக்கையாளர் முழுப் போர்டின் விலையைக் கொடுத்தார். அந்த முறையை எதிர்த்துத்தான் லாரி பினா 1990இல் மேக்கின்டாஷ் பழுதுபார்ப்பு பற்றி ஒரு புத்தகமும், 1992இல் 'தி டெட் மேக் ஸ்க்ரோல்ஸ்' என்ற இன்னொன்றும் எழுதினார். எந்த அறிகுறிக்கு எந்தப் பாகம், எந்த ப்ரீசெட் எதைச் செய்யும் என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுதியவை அவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பினா மறுத்த அதே கடைமுறையை இன்று நாம் பாதுகாப்பு என்ற பெயரில் திரும்பக் கொண்டுவருகிறோம்.

அருங்காட்சியகங்களைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பி.டி.பி.-1 என்ற பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1962இல் எம்.ஐ.டி.யில் அந்த வகை இயந்திரத்துக்காக எழுதப்பட்ட ஸ்பேஸ்வார் விளையாட்டைத் தன்னார்வலர்கள் அதில் விளையாடிக் காட்டுகிறார்கள். எதில் காட்டுகிறார்கள்? அதன் வட்டமான பிக்சர் டியூபில். கப்பல்கள் நகரும்போது பின்னால் தங்கி மறையும் ஒளித்தடம் அந்த டியூபின் பாஸ்பரத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு எல்.சி.டி. வைக்கலாம் என்று அங்கே சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசியாக எஞ்சியிருப்பது பற்றாக்குறை வாதம். டியூப் இனிப் புதிதாகக் கிடைக்காது, எல்.ஓ.டி.யும் அரிது, என்றைக்கோ போகப்போவதை ஏன் இன்றே மாற்றக் கூடாது? கிடைக்காது என்பது உண்மை. அதனால்தான் சரிசெய்யவேண்டும். கட்-ஆஃபைத் தவறாக ஏற்றிவைத்த டியூப் நாள் முழுதும் தேவைக்கு மேல் கதிரைத் தள்ளிக்கொண்டிருக்கும், கேத்தோடு சீக்கிரம் தேயும், மெனுப்பட்டை பாஸ்பரத்தில் நிரந்தரத் தழும்பாகப் பதியும். சரியாக நிறுத்திய டியூப், மிதமான வெளிச்சத்தில், இன்னும் பல ஆண்டுகள் ஓடும். நல்ல டியூபை எடுத்துவிட்டு எல்.சி.டி. வைப்பவர் அந்த அரிய பொருளின் எண்ணிக்கையை இன்னும் ஒன்று குறைக்கிறார். உண்மையிலேயே செத்துப்போன டியூபுக்கு, கழுத்து ஒடிந்து வெற்றிடம் போன டியூபுக்கு, எல்.சி.டி. வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அப்போதும் அனலாக் போர்டை வெட்டாமல், யோக்கோடு சேர்த்து, பெட்டியின் எண்ணை எழுதி எடுத்துவைக்க வேண்டும். டியூப் நல்லதாக உள்ள இன்னொரு பெட்டிக்கு அந்த எல்.ஓ.டி. தேவைப்படும்.

இனி இந்தக் கணினிகளை விற்பவர்கள், வாங்குபவர்கள், காட்சிக்கு வைப்பவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். சோதித்தது, ஓடுகிறது என்று இரண்டு வார்த்தைகளில் முடித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு ஃப்ளாப்பி போர்ட்டின் 6ஆவது முனையில் எத்தனை வோல்ட் இருந்தது, 7ஆவதில் எத்தனை இருந்தது என்று எழுதுங்கள். திரையில் ஸ்கேலை வைத்து வெள்ளைப் பரப்பின் அகலம் எத்தனை அங்குலம், உயரம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். அந்த நான்கு எண்களும் 5, 12, 7.11, 4.75க்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதைப் பார்த்து விலை பேசலாம்.